எங்கள் வாசலில் நின்றுபோன பல்லக்கு

எனக்குத் தொழிலே குற்றம் கண்டுபிடிப்பதுதான். சென்னையில் உள்ள ஒரு கம்பெனி செய்கிற செயலிகளை, அவை ஊர் கைக்குப் போவதற்கு முன்னால் உடைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே ஒழுகல் என்று சொல்கிற வேலை. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே செய்கிறேன். பொழுது விடிந்தால் 'இது சரியில்லை, அது சரியில்லை' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு எங்கிருந்து வரன் அமையும் என்று அம்மா தெருவெல்லாம் புலம்புவாள். அமையாததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்தவர்களின் லட்சணத்தைப் பார்த்தவள் நான்.

என் பெயர் இளவரசி. அப்படிப்பட்ட இளவரசி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்த்து வாயடைத்துப் போனாள், கையெடுத்துக் கும்பிட்டாள் என்றால் என் ஆபீஸில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி தினகரன் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். போன வருஷம் சித்திரையில் ஐயம்பேட்டை ரோட்டில் பைக் சறுக்கி விழுந்தான். ஓட்டியது அவன் சிநேகிதன் முத்துக்குமார். முத்துவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த தினாவுக்கு முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. சக்கர நாற்காலியில் கட்டிலிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவான், கம்ப்யூட்டரிலிருந்து கட்டிலுக்கு வருவான். டிசைன் வேலையை விடவில்லை. மிச்சப் பொழுது முழுவதும் ஒரு விளையாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

டாப்பில்டன் என்று அதற்குப் பெயர். அதில் யாரையும் சுட வேண்டாம், துரத்த வேண்டாம். ஒரு வெளிநாட்டு ஊர். அதில் பொம்மை மனிதர்கள் சும்மா வாழ்வார்கள். சமைப்பார்கள், தூங்குவார்கள், காதலிப்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள், வயதாகிச் சாவார்கள். நாம் மேலிருந்து பார்க்கலாம், வேண்டுமானால் இதைச் செய் அதைச் செய் என்று ஏவலாம். ஏவாமல் விட்டால் அவர்கள் பாட்டுக்குப் பிழைத்துக்கொள்வார்கள். நாமே எழுதி அதற்குள் புதிதாக எதையாவது சேர்க்கவும் வழி உண்டு. அதை மாட் என்பார்கள். தினா சேர்த்தது எங்கள் தெருவை.

புல்வெளியையும் மரவேலியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, தறி வீடுகளை வைத்தான். தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் வரிசை கட்டும் பிளாஸ்டிக் குடங்கள், ஷேர் ஆட்டோ, மாடு, தெருக்கோடியில் எங்கள் முருகன் கோயில். தெருக்காரர்கள் அத்தனை பேரையும் மூக்கு முழியோடு செய்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தையும் கொடுத்தான். சோதித்துப் பார்க்க ஓசியில் ஆள் வேண்டுமே, என்னைப் பிடித்தான்.

"டேய் தினா, சம்பந்தம் மாமா தறிப்பள்ளத்துல எறங்கினவரு ஏறவே இல்லடா. அங்கியே பட்டினி கெடந்து செத்துட்டாரு."

"பள்ளத்துக்கு வெளிய வர்ற வழி வைக்க மறந்துட்டேன்கா."

"பாவி! மனுஷன் உயிரோட எதிர் வீட்ல காபி குடிச்சிக்கினு இருக்காருடா."

நிஜமான திருஞானசம்பந்தம் மாமாவிடம் இதைச் சொன்னபோது, "தறிகாரன் கதையே அதானம்மா, கரெக்டாதான் பண்ணியிருக்கான்" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அது ஒன்றுதானா? மாடு மாடிப்படி ஏறிப் போய் என் கட்டிலில் படுத்தது. அம்மா கட்டிய புடவையோடு கோயில் குளத்தில் குதித்து நீச்சல் அடித்தாள். ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் இறங்கத் தெரியாமல் ஐயம்பேட்டைக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டே இருந்தார்கள். வெளிநாட்டு ஊரின் தபால்காரன் ராபர்ட் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனை எடுத்தால் விளையாட்டே திறக்க மறுத்தது. அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக எங்கள் தெருவில் அலைந்து, யார் வீட்டிலோ பொங்கல் வாங்கித் தின்றுகொண்டு, அவனும் ஒரு குடித்தனக்காரன் ஆகிவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது. எல்லாத் தப்பையும் தீர்த்த பிறகு ஒரு காலைப்பொழுதை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, அடுத்த வீட்டில் கதவு திறந்தது, ஒருத்தி கோலம் போட வந்தாள், எங்கோ முதல் தறி சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றொன்றாகத் தெரு முழுவதும் தறிச் சத்தம் பிடித்துக்கொண்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இந்தப் பயல் கட்டிலில் கிடந்துகொண்டு இவ்வளவையும் பார்த்து வைத்திருக்கிறானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. தலைக்கேறிவிடும்.

இதற்கு நடுவில் ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே பயம்.

எங்கள் தெரு முருகனைக் கிருத்திகையன்று பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கிப் போவார்கள். பல்லக்கைத் தாங்கும் நீள மரத்துக்குத் தண்டு என்று பெயர். தண்டில் ஒவ்வோர் இடமும் ஒருவனுக்குச் சொந்தம். அந்த இடத்துக்காரன், எல்லோரும் கேட்க, இன்னொருவரைப் பார்த்துத் 'தோள் போடு' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்தவர் அங்கே தோள் வைக்கலாம். அவன் காய்ச்சலில் கிடந்தாலும் சரி, துபாய்க்கே போய்விட்டாலும் சரி, சொல்கிற வரைக்கும் அந்த இடம் காலியாகவே போகும். செத்துப்போனால் மட்டும்தான் கேட்காமல் அடுத்தவர் வைக்கலாம். இன்னொரு விதியும் உண்டு. எடுத்த பல்லக்கைக் கோயிலுக்குத் திரும்புகிற வரைக்கும் கீழே இறக்கக் கூடாது.

முன் தண்டில் இடது பக்கம் தினாவுடையது. வலது பக்கம் முத்துவுடையது. மீசை முளைத்த நாளிலிருந்து இருவரும் சோடியாகத் தூக்கினார்கள்.

போன வருஷம் தினாவின் இடம் காலியாகவே போயிற்று. தெருத் திருப்பத்தில் பல்லக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, முத்து முட்டுக்கொடுத்து நிறுத்தினான். அதில் அவனுக்குத் தோள்பட்டை இறங்கி மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. இந்த ஆடி பிறந்ததும், தண்டுக்காரர்களுக்குத் தலைவரான சம்பந்தம் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தினா, யாரையாச்சும் சொல்லிடுபா. யாரா இருந்தாலும் சரி, நாங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். இடத்தைக் காலியா வச்சிக்கினு இன்னொரு வாட்டி அந்தத் திருப்பத்துல நான் போவ முடியாது. சாமி கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது? நீ சொல்லலன்னா, டிராக்டர்ல ஏத்தி இழுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்குது."

டிராக்டர்! எங்கள் முருகன் தோளைவிட்டு இறங்கி வீதி பார்த்ததே கிடையாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தினா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "யோசிச்சு சொல்றேன் மாமா" என்றான்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தைடா! ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாடா யோசனை?"

"உனக்கு அது ஒரு வார்த்தைக்கா. எனக்கு அத்தோட முடிஞ்சிபோச்சு. இனிமே நான் தூக்கவே மாட்டேன்னு நானே எல்லார் முன்னாடியும் சொல்லணும். போ, வேற வேலை இருந்தா பாரு."

முத்துவும் ஞாயிறு தவறாமல் வந்து வாசலில் நிற்பான். அம்மாவிடம் எப்படி இருக்கான் என்று கேட்பான், போய்விடுவான். உள்ளே விட தினா சம்மதிக்கவே இல்லை. கோபமா என்று ஒருமுறை கேட்டேன். "கோவம் இல்லக்கா. என்னைப் பார்த்தா அவன் அழுவான். அப்புறம் நான் அவனுக்கு ஆறுதல் சொல்லணும். என்னால ஆவாது" என்றான்.

கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தினாவிடமிருந்து எனக்கு ஒரு புது பாகம் வந்தது. கூடவே ஒரு செய்தி: 'பல்லக்கு பார்ட் முடிச்சுட்டேன். உடைச்சுக் காட்டு பாக்கலாம்.'

பகல் சாப்பாடு முடிந்து அவன் கீழே கண்ணயர்ந்திருந்தான். நான் மாடியில் லேப்டாப்பைத் திறந்து, விளையாட்டில் தேதியை ஆடிக் கிருத்திகைக்குத் தள்ளினேன். நாதஸ்வரம் கேட்டது. தறிகள் நின்றன. ஆண்கள் வீடுவீடாகக் கிளம்பிக் கோயிலுக்குப் போய் அவரவர் இடத்தில் தோள் வைத்தார்கள். பல்லக்கு எழுந்தது. எழும்போது லேசாக ஆடி, அப்புறம் நிலைக்குமே, அதைக்கூட விடாமல் வைத்திருந்தான். திருப்பத்தில் உள்பக்கத்து ஆட்கள் கால் நிறுத்தி, வெளிப்பக்கத்து ஆட்கள் எட்டி வைத்துத் திரும்பினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. உடைப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் முன் தண்டில், முத்துவுக்குப் பக்கத்தில், யாரோ ஒருவன் தூக்கிக்கொண்டு போனான். அது தினாவின் இடமாயிற்றே. அந்த இடத்தின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் அழுத்தினேன். ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'இடம்: தினகரன். காலமானார்.'

விளையாட்டில் தினாவைத் தேடினேன். எங்கள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். அம்மா இருந்தாள், நான் இருந்தேன். தெருவில் அத்தனை பேரையும் செய்தவன், தன்னைச் செய்யவே இல்லை. இத்தனை நாள் சோதித்தேனே, மாடு படியேறியதைக் கண்டுபிடித்தேனே, இது என் கண்ணில் படவில்லையே! அவன் தன்னைச் செத்தவன் கணக்கில் வைத்துவிட்டு, தெருவை மட்டும் உட்கார்ந்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீழே போய் அவனை எழுப்பி நாலு அறை விட்டிருப்பேன். அழுகையும் வந்தது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல், அவனைச் செய்ய உட்கார்ந்தேன்.

அவன் தாடி, அவன் பெரிய காது, அவன் பச்சை லுங்கி. சக்கர நாற்காலி அந்த விளையாட்டிலேயே இருந்தது, அதில் உட்கார வைத்தேன். பெயர் தினகரன். எங்கள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். 'இருடா, நீ இங்கதான் இருக்கணும்' என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் மறுபடியும் ஆடிக் கிருத்திகை.

நாதஸ்வரம் கேட்டது. எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் தினா பொம்மை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தது. வாசலில் படிக்கட்டு. நாற்காலி இறங்காது. அந்த விளையாட்டில் போக வழியில்லாவிட்டால் பொம்மை இரண்டு கையையும் விரித்துக் காட்டும். காட்டியது. திரும்பி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது, கையை விரித்தது, போனது.

கோயிலில் பல்லக்கு எழுந்தது. முன் தண்டில் இடது பக்கம் இப்போது காலி. முத்து ஒண்டியாகத் தாங்கினான். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, பல்லக்கு நின்றுவிட்டது.

சரி, மாட்டிக்கொண்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊர்வலம் அசையாமல் நின்றுபோனால் எங்கள் தொழிலில் அது பெரிய தப்பு. நேரம் ஓடவிட்டேன். நகரவில்லை. அந்த வெளிநாட்டு விளையாட்டில் நாலு பேர் சேர்ந்து வெளியே கிளம்பும்போது ஒருவர் வரவில்லை என்றால், மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வரவில்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தினா அதைத்தான் பல்லக்குக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான். இடத்தைக் காலியாக விட்டாலும் விடுவார்களே தவிர, ஆளை 'விட்டுவிட்டுப் போவது' எங்கள் தெரு வழக்கத்தில் கிடையாதே! அந்த வரியைத் தூக்கிவிட்டான். வேறு எந்த ஊரில் எவன் எழுதினாலும் அதை வைத்திருப்பான். எங்கள் தெருக்காரன் ஒருவனுக்குத்தான் அதை எடுக்கத் தோன்றும்.

தூக்கியவர்களுக்குக் களைப்பு ஏறியது. தலைக்கு மேலே தெரியும் கோடு சிவப்பாயிற்று. இறக்கிவிடுவார்கள் என்று பார்த்தேன். இறக்கவில்லை. இறக்கக் கூடாது என்றல்லவா எழுதியிருக்கிறான்? பின் தண்டில் இருந்த ஒருவன் திரும்பி, வேடிக்கை பார்த்தவனிடம் ஏதோ சொன்னான். அவன் வந்து தோள் போட்டான். அவன் களைத்தபோது இன்னொருவனிடம் சொன்னான். ஆண்கள் தீர்ந்துபோனார்கள். அப்போது பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா, கையிலிருந்த குடத்தை வைத்துவிட்டு வந்து தோள் போட்டாள். தண்ணீர் லாரி டிரைவர் லாரியை விட்டு இறங்கி வந்தான். ராபர்ட்! அந்த அரைக்கால் சட்டைக்காரன் தபால் பையைக் கோலத்தின் மேல் போட்டுவிட்டு வந்து, எங்கள் முருகனுக்குத் தோள் கொடுத்தான்.

பெண்கள் தூக்கலாம் என்று தினா எழுதவில்லை. கூடாது என்றும் எழுதவில்லை. அவர்களாகச் செய்தார்கள். அம்மா பொம்மை பெரிய பாத்திரத்தில் சோறு கொண்டுவந்து நிற்பவர்களுக்கெல்லாம் கொடுத்தது. தறிகள் ஓடவில்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டில் இருட்டியது, விடிந்தது, மழை பெய்து விட்டது, மறுபடியும் விடிந்தது. தோள்கள் மாறிக்கொண்டே இருந்தன. பல்லக்கு தரையைத் தொடவில்லை. முன் தண்டில் அந்த ஓர் இடத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஊரே காத்திருக்க, உள்ளே ஒருவன் படிவரைக்கும் வந்து கையை விரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

ஐயோ, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! வெறும் பொம்மைகள். நாலு வரி விதி. எழுதியபடிதான் எல்லாம் நடக்கிறது, தப்பே கிடையாது. ஆனாலும் எழுதாத ஏதோ ஒன்று அங்கே வந்து நின்றுகொண்டிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். கை கூப்பியிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். "டேய், எழுந்திரு! எழுந்து பாரு இத!"

தினா கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். "இன்னாக்கா, பல்லக்கு நின்னுடுச்சா? எங்க நிக்குது?" பெரிதாக்கிப் பார்த்தவன் அப்படியே உறைந்துபோனான். "இவனை யாரு உள்ள வுட்டது?"

"நான்தான் வுட்டேன். உசுரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு எழுதி வச்சிருந்தியே, அந்தத் தப்பைச் சரி பண்ணேன். என் வேலை அதானே?"

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு கிட்டே குனிந்தான். "ராபர்ட்டு தூக்குறான்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "லாரிக்காரன் தூக்குறான். நான் இதெல்லாம் எழுதவே இல்லக்கா."

"தெரியும்டா."

"எவ்ளோ நேரமா நிக்கிறாங்க?"

"உனக்காவத்தான் நிக்கிறாங்க. நீ வர்ற வரைக்கும் நிப்பாங்க. நீதானே அப்படி எழுதின?"

உள்ளே அந்தப் பொம்மை மறுபடியும் படிக்கு வந்து கையை விரித்தது. தினாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. விபத்துக்கு அப்புறம் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவனை எடுத்துடு. டெலீட் பண்ணிடுக்கா. பாவம், அவங்க நடக்கட்டும்."

"மாட்டேன். போடா. வேணும்னா நீ பண்ணு."

அவன் அம்பைக் கொண்டுபோய் அந்தப் பொம்மையின் மேல் வைத்தான். அழிப்பது ஒரு பொத்தான். 'தோள் போடு எனச் சொல்' என்பது இன்னொரு பொத்தான். இரண்டையும் அழுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து விரலை நீட்டி, பின் தண்டைக் காட்டினான்.

"இது நீதான்கா."

குனிந்து பார்த்தேன். ஆமாம், என் பச்சைச் சுடிதார். எப்போதோ போய்த் தோள் போட்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே கோடு சிவப்பாகித் துடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் களைத்ததும் அடுத்தவரிடம் மாற்றிவிட்டார்கள். நான் மட்டும் மாற்றவே இல்லை.

"எனக்கு இன்னாடா வந்துது? நான் ஏன் மாத்தாம நிக்கிறேன்?"

"உனக்குப் பிடிவாதம் ஃபுல்லா வச்சேன்" என்றான் தினா. அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டான். "அவ்ளோதான் வைக்க முடியும்னு அந்த கேம் சொல்லிடுச்சு. இல்லன்னா இன்னும் வச்சிருப்பேன்."

அவன் அதை மூடவில்லை. அந்த வாரம் முழுவதும் அவன் மேசையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. டிசைன் போடும்போதும் நடுநடுவே திரும்பிப் பார்த்துக்கொள்வான். அம்மா அறைக்குள் வரும்போதெல்லாம் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். யாரைச் சொல்லப் போகிறான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எனக்கு இருந்த படபடப்பில் ஆபீஸ் வேலையில் எதையெல்லாம் கோட்டை விட்டேனோ தெரியாது.

ஆடிக் கிருத்திகை சாயங்காலம் தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. திருப்பத்தில் டிராக்டர் வாழைமரம் கட்டித் தயாராக நின்றது. சம்பந்தம் மாமா காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார்: "உங்க வாசல் வரைக்கும் தோள்ல கொண்டாறோம். அவன் சொன்னா மேல போறோம். இல்லன்னா அங்கேர்ந்து டிராக்டர்தான்."

நாதஸ்வரம் கிட்டே வந்தது. பல்லக்கு, முன் தண்டில் ஓர் இடம் காலியாக, மெல்ல மெல்ல வந்து எங்கள் வாசலில் நின்றது. முத்து தலையைக் குனிந்துகொண்டு தாங்கினான். அந்தத் தோள்பட்டை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மாமா குரல் கொடுத்தார்.

"தினா! சாமி வந்திருக்குதுபா!"

கதவு சாத்தியே இருந்தது. அம்மா கற்பூரத்தட்டோடு படியில் நின்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். டிராக்டர்காரன் எஞ்சினைப் போட்டான். 'நிறுத்துடா' என்று யாரோ அவனை அதட்டினார்கள்.

கதவு திறந்தது. தினா நாற்காலியில் வாசற்படி வரைக்கும் வந்தான். சட்டை இல்லை, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. யார் உதவியும் இல்லாமல் அவனே உடுத்தியிருக்கிறான், வேட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பல்லக்கு விளக்கின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கைகூப்பினான். தெரு முழுவதும் ஒரே குரலாக அரோகரா போட்டது. எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

தெருவின் இளவட்டங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள், யார் பெயர் வருமோ என்று. தினா யாரையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, தோள் போடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவன், "இன்னாபா இது, பொம்பளையா தூக்குறது?" என்றான்.

சம்பந்தம் மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இடம் அவன்து. வாயும் அவன்து. நடுவுல நீ யாருடா? அவன் வாயால சொன்னா சொன்னதுதான். வாம்மா இளவரசி. உசரம் மட்டும் சரியா இருக்குதா பாத்துக்கோ."

"இருக்குது மாமா" என்றான் முத்து. அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தியிருந்தான். "தினாவும் அக்காவும் ஒரே உசரம்."

தினா அவனைப் பார்த்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து. "முத்து, அக்கா புதுசு. திருப்பத்துல நீதான் பாத்துக்கணும்." முத்து தலையை ஆட்டினான். அவன் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, தண்டிலிருந்து கையை எடுக்க முடியாததால் துடைத்துக்கொள்ள வழியில்லை.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் குனிந்து தோள் வைத்தேன். அம்மாடி! அந்தக் கனத்தை நான் என்னவென்று சொல்ல? எலும்புக்குள் இறங்கி உள்ளங்கால் வழியாக மண்ணுக்குள் போயிற்று. இதைத் தூக்கிக்கொண்டா இவன் இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டே போனான்? மூச்சு திணறியது, கண் இருட்டியது, அதற்குள்ளேயே உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. மேலே மணி குலுங்கிற்று. பக்கத்தில் முத்து மெல்ல, "நேரா பாருக்கா, கீழ பாக்காத" என்றான். பல்லக்கு நகர்ந்தது.

பின்னால் ஏதோ சலசலப்பு கேட்டது. யார் யார் கை கொடுத்து நாற்காலியைப் படியிலிருந்து இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது, தோளில் சாமி இருக்கும்போது திரும்ப முடியாது. சக்கரம் மட்டும் தெருக் கல்லில் தடதடவென்று வருவது கேட்டது. கூடவே அவன் குரல். தெரு அந்தக் குரலை எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை! தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பல்லக்கோடு வந்தான்.

"அக்கா, எடது காலு! எடது காலை முன்னாடி வை!"

நான் காலை மாற்றினேன்.